கருந்துளையைத் தட்டிப் பார்ப்பது எப்படி?

சென்ற இதழில் 2025 ஜனவரி 14-ஆம் தேதி பதிவான, கடந்துபோகும் இடத்தையே நீட்டிச் சுருக்குகிற ஓர் ஈர்ப்பு அலையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். ஒளிகூடத் தப்ப முடியாத அளவுக்கு ஈர்ப்பு கடுமையாக இருக்கும் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து, மோதி, ஒன்றாகிப்போனபோது கிளம்பிய அலை அது. அதுவரை பிடிபட்டவற்றில் இவ்வளவு தெளிவாக எதுவும் கிடைத்ததில்லை. அந்தச் சின்னக் குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுக்க இந்த விஷயத்துக்குத்தான்.

கேள்வி: டீச்சர், ஈர்ப்பைப் பற்றி ஐன்ஸ்டைன் சொன்னது சரி என்று 1919-லேயே கிரகணத்தை வைத்து நிரூபித்துவிட்டார்கள் என்று எங்கள் சார் சொன்னார். ஆனால் இன்னும் வருடத்துக்கு ஒரு தடவை "ஐன்ஸ்டைன் மறுபடி வென்றார்" என்று செய்தி வருகிறது. பாஸானவரை எதற்குத் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுத வைக்கிறார்கள்? — பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

உன் கேள்வியைப் படித்ததும் என் அம்மா பானை வாங்குவதுதான் கண்முன் வந்தது. எங்களுக்கு மானாமதுரைப் பக்கம். தை பிறப்பதற்கு முன்னால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். வைக்கோல் மேல் கவிழ்த்து அடுக்கியிருக்கும் பானைகளில் ஒன்றை எடுத்து இடது உள்ளங்கையில் ஏந்திக்கொள்வார். காதோரம் கொண்டுபோய், வலது கையின் நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. 'கணீர்' என்று கிளம்பி ஒரு கணம் நின்றால் நன்றாக வெந்த பானை. 'சொத்' என்று அடங்கிவிட்டால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது, இல்லையென்றால் சூளையில் சரியாக வேகவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன வருஷம் அதே குயவரிடம் வாங்கிய பானை நன்றாக உழைத்தது என்பதற்காக அம்மா இந்த வருஷம் தட்டாமல் வாங்கியதில்லை. குயவர் மேல் அவருக்குச் சந்தேகமும் இல்லை. பானையை அடுப்பில் ஏற்றப்போகிறோம், அவ்வளவுதான்.

1919-இல் நடந்ததும் ஒரு தட்டுதான். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கு வளைகிறதா என்று பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டனும் மற்றவர்களும் பார்த்தார்கள். வளைந்தது. ஆனால் அது மிக மெல்லிய தட்டு. ஈர்ப்பு எவ்வளவு கடுமை என்பதைக் காட்ட நாங்கள் ஓர் எண் வைத்திருக்கிறோம். கருந்துளையின் விளிம்பில் அந்த எண் அரை. சூரியனின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்து லட்சத்தில் ஒன்று. நாம் நிற்கிற பூமியில் நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. புதிதாக வாங்கிய வண்டியைத் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்படியே ஏறும் என்று யாராவது சொன்னால் நீ ஒத்துக்கொள்வாயா? 2015 வரைக்கும் நாம் பெரும்பாலும் தெருவுக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நியூட்டனும் 200 வருடம் எல்லாப் பரீட்சையிலும் பாஸானவர் என்பதை மறந்துவிடாதே. யுரேனஸின் பாதை சற்றுத் தடுமாறுவதை வைத்து, அதற்கப்பால் ஒரு கிரகம் இருந்தாக வேண்டும் என்று பிரான்ஸின் லெவெரியே கணக்குப் போட்டார். 1846-இல் அவர் காட்டிய இடத்திலேயே நெப்டியூன் அகப்பட்டது. புதன் கிரகத்தின் பாதையிலும் ஒரு தடுமாற்றம் இருந்தது. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை), அவ்வளவு சின்னது. அதற்கும் அவர் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கிரகத்தைச் சொன்னார். அது அகப்படவே இல்லை. இந்த முறை கிரகம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, நியூட்டன் பானையில்தான் விரிசல். ஐன்ஸ்டைன் 1915-இல் வந்து அந்த 43 விகலையைக் கணக்குப் பிசகாமல் கொடுத்தார்.

ஐன்ஸ்டைன் பானையிலும் எங்கேயோ விரிசல் இருந்தாக வேண்டும் என்று பெரும்பாலான இயற்பியலாளர்கள் நினைக்கிறார்கள். கருந்துளையின் நடுவில் அவருடைய சமன்பாடு முடிவிலியைக் கொடுக்கிறது. அணுவுக்குள் நடப்பதைச் சொல்கிற குவாண்டம் கோட்பாட்டோடு அது ஒத்துப்போவதில்லை. எங்கே பிசகுகிறது என்பதுதான் தெரியவில்லை. அப்படியென்றால் ஈர்ப்பு மிகக் கடுமையாக இருக்கும் இடத்தில் போய்த் தட்ட வேண்டும்.

கருந்துளையை யார் தட்டுவது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த மனிதர் வருகிறார். சி.வி. விஸ்வேஸ்வரா, பெங்களூருக்காரர். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னரிடம் ஆராய்ச்சி செய்தவர். கருந்துளை என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பதே வாதமாக இருந்த காலம். அவர் கணினியில், கணக்காகவே, ஒரு கருந்துளையை நோக்கிச் சிறுசிறு அலைத் துண்டுகளை வீசிப் பார்த்தார். அகலமான அலையை வீசினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அலையைக் குறுக்கிக் குறுக்கி வீசிக்கொண்டே வந்தபோது, ஒரு கட்டத்தில் கருந்துளை பதில் சொன்னது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலித்து, வேகமாகத் தேய்ந்து அடங்கியது. எதைக் கொண்டு தட்டினாலும் அதே சுருதி. 1970-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் வானியற்பியலாளர் சந்திரசேகர், 1975-இல் டெட்வைலர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அந்தச் சுருதிகளைத் துல்லியமாகக் கணக்கிட்டார்.

இனி ஆச்சரியமான பகுதி. மண்பானையின் நாதம் எதைப் பொறுத்தது? மண், கனம், வயிறு, கழுத்து, சூட்டின் பக்குவம் என்று பத்து விஷயம் சொல்லலாம். ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஒரு கருந்துளையின் நாதம் இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: நிறை எவ்வளவு, எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே சுற்றுகிறது. சுழலும் கருந்துளைக்கு நியூசிலாந்தின் ராய் கெர் 1963-இல் கண்டுபிடித்த விடை அப்படிச் சொல்கிறது. உள்ளே விழுந்தது நட்சத்திரமா, தூசியா, இரும்பா என்ற அடையாளம் எதுவும் மிச்சம் இராது.

எங்கள் ஊர்க் கடத்தைத் தட்டும்போது வயிற்றில் ஒரு நாதம், கழுத்தில் ஒரு நாதம் கேட்கும். அதுபோலக் கருந்துளைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட சுருதிகள் உண்டு. ஒரு சுருதியை வைத்து நிறையையும் சுழற்சியையும் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த சுருதி எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அங்கே இல்லையென்றால் விரிசல்.

2015 செப்டம்பர் 14, இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம். அமெரிக்காவில் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு என்ற இரண்டு இடங்களில் இருக்கும் லைகோ கருவிகளில் முதல் ஈர்ப்பு அலை விழுந்தது. 130 கோடி ஒளியாண்டு தொலைவில், சூரியனைப்போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதியபோது கிளம்பியது. மோதிய கருந்துளைகளே ஒன்றையொன்று தட்டிக்கொண்டன. நமக்கு முழுதாகக் கேட்ட நேரம் 0.2 நொடி. கடைசி மணி நாதம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அடங்கிவிட்டது. முதல் சுருதி தெரிந்தது. இரண்டாவது தெரிகிறதா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. 2025 ஜனவரியில் வந்த அலை அதைவிட மூன்று மடங்கு தெளிவு. அதில் இரண்டு சுருதிகளைப் பிரித்து எடுக்க முடிந்தது. இரண்டும் கெர் சொன்ன இடத்தில் இருந்தன.

விஸ்வேஸ்வரா 2017 ஜனவரியில் காலமானார். முதல் அலையின் அறிவிப்பு 2016 பிப்ரவரி 11-இல் வந்தது. தான் கணக்கில் தட்டிக் கேட்டதை 45 வருடம் கழித்து உலகமே கேட்டதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு நம் நேரம் இரவு 9 மணி. நான் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த வரைபடத்தின் வால் பகுதி, பெரிதாகி உயர்ந்து சட்டென்று தேய்கிற அந்தச் சின்ன வளைவு, அவர் 1970-இல் வரைந்ததன் சாயலில் இருந்தது.

கேள்வி: முதல் மோதலில் 36-ம் 29-ம் சேர்ந்தால் 65 வர வேண்டும். நீங்கள் எழுதியதில் 62 என்று இருந்தது. அச்சுப் பிழையா, அம்மா? — மளிகைக் கடைக்காரர், தூத்துக்குடி

அச்சுப் பிழை இல்லை, அண்ணாச்சி. கல்லாவில் மூன்று குறைகிறது, எங்கே போனது என்று கேட்கிற கண் உங்களுடையது. அந்த மூன்று சூரியன்களின் நிறைதான் ஈர்ப்பு அலையாக வெளியே போய்விட்டது. நம் சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் நிறையை ஒளியாக்கிச் செலவழிக்கிறது. இதே வேகத்தில் ஆயிரம் கோடி வருடம் செலவழித்தாலும் தன்னில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது கரைக்காது. இங்கே மூன்று முழுச் சூரியன்கள், கால் நொடிக்குள். அந்த ஒரு கணத்தில், நமக்குத் தென்படும் பிரபஞ்சத்தின் அத்தனை நட்சத்திரங்களும் சேர்ந்து கொடுக்கிற ஒளியைவிடப் பல மடங்கு ஆற்றல் அந்த ஒரே இடத்திலிருந்து கிளம்பியது.

கணக்கு அதோடு தீரவில்லை. நிறை குறையலாம், ஆனால் கருந்துளைகளின் மேற்பரப்பு மொத்தமாக ஒருபோதும் குறையாது என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1971-இல் ஒரு விதியைச் சொன்னார். முதல் அலை கிடைத்த செய்தி கேட்டவுடன் அவர் கிப் தார்னுக்குத் தொலைபேசியில் அழைத்து, என் விதியை இதில் சோதிக்க முடியுமா என்று கேட்டாராம். தார்ன் லைகோவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அப்போதிருந்த தெளிவுக்கு அது முடியவில்லை. ஹாக்கிங் 2018-இல் இறந்துவிட்டார். 2021-இல் அதே அலையைப் புதிய முறையில் அலசி, விதி சரி என்று 95 சதவீத உறுதியோடு சொன்னார்கள்.

2025 ஜனவரியின் அலையில் கிடைத்த எண்களை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மோதுவதற்கு முன் இரண்டு கருந்துளைகளின் மேற்பரப்பும் சேர்த்துச் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவு. மோதி ஒன்றான பிறகு சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர், மூன்று தமிழ்நாடு. நிறை குறைந்தது, பரப்பு கூடியது. இந்தத் தடவை உறுதி 99.999 சதவீதம். ஹாக்கிங்குக்கு யாராவது இதைச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கேள்வி: எங்கள் தொழிலில் ஒரு நூல் தவறினாலே சட்டை கெட்டுவிடும். ஆனால் ஒரு நூலைவிடச் சின்னதை அளக்க எங்களிடம் வழியில்லை. லாரி போனாலே தரை அதிர்கிறது. அணுவைவிடச் சின்ன அசைவை எப்படி நம்பி அளக்கிறார்கள்? — தையற்கலைஞர், பொள்ளாச்சி

நீங்கள் கேட்டதுதான் பல பெரிய விஞ்ஞானிகளுக்கும் பல வருடம் இருந்த சந்தேகம். லைகோ என்பது 'ட' எழுத்துபோல மடங்கிய இரண்டு நீளக் குழாய்கள். ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர், உள்ளே காற்றே கிடையாது. இரண்டு முனையிலும் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் 40 கிலோ. ஊசல்போல ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் நான்கு அடுக்கில், கடைசி அடுக்காக, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள கண்ணாடி இழைகளில் தொங்குகின்றன. லாரியின் அதிர்வை மேலிருக்கும் அடுக்குகளே வாங்கிக்கொள்ளும். லேசர் ஒளியைப் பிரித்து இரண்டு குழாயிலும் அனுப்பி, சுமார் 300 தடவை போய்வர விட்டு, மறுபடி சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு குழாய் நீண்டு மறு குழாய் சுருங்கினால் சேர்க்கையில் வித்தியாசம் தெரியும். முதல் அலை 4 கிலோமீட்டரை மாற்றிய அளவு, ஒரு புரோட்டானின் அகலத்தில் 400-இல் ஒரு பங்கு.

அணுக்களே அதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்குமே என்று கேட்பீர்கள். நடுங்கும். ஆனால் லேசர் ஓர் அணுவைத் தொட்டு அளப்பதில்லை. கண்ணாடியின் மேல் உள்ளங்கை அளவுக்கு விழுந்து, எண்ணிலடங்காத அணுக்களின் சராசரியை எடுக்கிறது. ஒன்று இப்படி நடுங்க மற்றொன்று அப்படி நடுங்க, மொத்தத்தில் அந்த நடுக்கம் கரைந்துவிடும். துணி மேல் ஒவ்வொரு நூலும் நெளிந்திருந்தாலும், விரித்துப் போட்டுப் பார்த்தால் ஓரம் நேராகத் தெரிவதில்லையா?

எதையும் நம்பிவிடாமல் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 2017-இல் ஹான்ஃபோர்டு கருவியில் அவ்வப்போது சின்னச் சின்னத் துள்ளல்கள் வந்தன. அந்த இடம் வறண்ட பாலைநிலம், நல்ல வெயில் காலம். தேடிக்கொண்டு போனால், குளிர்ந்த நைட்ரஜன் வெளியேறும் ஒரு குழாயின் மேல் பனிக்கட்டி படிந்திருந்தது, அதில் கொத்திய தடங்கள் இருந்தன. தாகத்துக்கு அண்டங்காக்கைகள் வந்து அந்தப் பனியைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. ஒரு பறவையின் அலகு விழுந்த அதிர்ச்சி குழாய் வழியாகப் போய், கருந்துளையைத் தேடும் கருவியில் பதிவாகியிருக்கிறது! அப்புறம் அந்தக் குழாயில் பனி படியாதபடி போர்த்தினார்கள். காக்கை ஹான்ஃபோர்டில் கொத்தினால் 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிவிங்ஸ்டனில் தெரியாது. கருந்துளை அலை இரண்டிலும் ஒரே உருவத்தில் வரும். முதல் அலை லிவிங்ஸ்டனில் விழுந்து ஆயிரத்தில் 7 பங்கு நொடி கழித்து ஹான்ஃபோர்டில் விழுந்தது.

கேள்வி: ஐன்ஸ்டைனுக்கு மாற்றாக வேறு ஈர்ப்புக் கோட்பாடுகள் நிறைய இருப்பதாகப் படித்தேன். ஈர்ப்பு அலைகள் வந்த பிறகு அவை எல்லாம் அடிபட்டுவிட்டனவா? — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

எல்லாம் அடிபடவில்லை, ஐயா. ஆனால் ஒரே நாளில் ஒரு பெரிய கூட்டம் அடிபட்டது உண்மை.

பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்பது 1998-இல் தெரிந்தது. அதற்குக் காரணமாக இருண்ட ஆற்றல் என்று ஒன்றைச் சொல்கிறோம். அது வேண்டாம், ஈர்ப்பு விதியையே கொஞ்சம் மாற்றினால் போதும் என்று பலர் கணக்கு எழுதினார்கள். நல்ல கணக்குகள்தான், உழைத்து எழுதியவை. அவற்றில் பலவற்றின்படி ஈர்ப்பு அலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து சற்று விலகும்.

2017 ஆகஸ்ட் 17 மாலை, நம் நேரம் 6 மணி 11 நிமிடம். இந்த முறை மோதியவை கருந்துளைகள் அல்ல, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது வெடித்த பெரிய நட்சத்திரங்களின் மிக அடர்த்தியான எச்சங்கள். கருந்துளைகள் மோதினால் பொதுவாக வெளிச்சம் வராது. இவை மோதினால் வரும். ஈர்ப்பு அலை முடிந்த 1.7 நொடியில், ஃபெர்மி செயற்கைக்கோளில் காமாக் கதிர் விழுந்தது, அதுவும் ஒருவகை ஒளிதான். இரண்டும் கிளம்பி 13 கோடி வருடமாகப் பயணம் செய்து வந்தவை. பூமியில் டைனோசர்கள் நடமாடிய காலத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இருவர் இரண்டு நொடி வித்தியாசத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தால், இருவர் நடையும் ஒரே வேகம் என்றுதானே பொருள்? ஒளிக்கும் ஈர்ப்புக்கும் வேக வித்தியாசம் இருந்தால், அது ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. அந்த ஒரு மாலையில், வருடக்கணக்கான ஆராய்ச்சித் தாள்கள் செல்லாமல் போயின. எழுதியவர்களில் பலர் அடுத்த சில மாதங்களிலேயே, 'என் கோட்பாட்டின் இந்தப் பகுதி இனி நிற்காது' என்று தாங்களே கட்டுரை எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

தப்பியவையும் உண்டு. கார்ல் பிரான்ஸ், ராபர்ட் டிக்கி என்ற இருவர் 1961-இல் சொன்ன கோட்பாட்டில் ஈர்ப்பு அலை ஒளி வேகத்திலேயே போகும், அதனால் இந்தச் சோதனை அதைத் தொடாது. அதில் இரண்டு கருந்துளைகள் மோதினால் வரும் அலையும் ஐன்ஸ்டைன் சொன்னது போலவே இருக்கும். ஆகவே கருந்துளையை எவ்வளவு தட்டினாலும் அதன் விரிசல் கேட்காது, வேறு இடத்தில்தான் தட்ட வேண்டும். எந்தச் சோதனை எந்தக் கோட்பாட்டைத் தொடும் என்று தெரிந்துவைத்திருப்பது இந்தத் துறையில் பாதி வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 கடைசியில் ஒரு குழுவினர், கருந்துளை மோதல்களின் பதிவுகளில் மணி நாதம் அடங்கிய பிறகும் மெல்லிய எதிரொலிகள் கேட்பதாகச் சொன்னார்கள். உண்மையானால், உள்ளே போனது எதுவும் திரும்ப முடியாத விளிம்பான நிகழ்வு எல்லை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சுவர் இருக்கிறது என்று பொருள். ஐன்ஸ்டைன் பானையில் பெரிய விரிசல். நானும் படபடப்போடு படித்தேன். மற்றவர்கள் அதே பதிவுகளை எடுத்துத் தனித்தனியாக அலசினார்கள். பின்னால் கிடைத்த அலைகளிலும் தேடினார்கள். இரைச்சலுக்கு மேல் எழும்புகிற எதிரொலி எதுவும் அகப்படவில்லை. வந்த அலையிலிருந்து ஐன்ஸ்டைன் கணக்கின் அலையைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் இரைச்சலாக இருக்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கிரகணம் மாதிரி இந்த அலையும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பயமாக இருக்கிறது. — வாசகி, அறந்தாங்கி

பயப்பட எதுவுமே இல்லை, அம்மா. 2015-இல் வந்த அந்த அலை உன் வழியாகவும் என் வழியாகவும் கடந்துதான் போனது. ஓர் ஆளின் உயரத்தை அது மாற்றிய அளவு ஒரு புரோட்டானின் அகலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதுவும் 0.2 நொடிக்கு. உன் பிள்ளைக்கு உன் இதயத் துடிப்பே அதைவிடக் கோடிக் கோடி மடங்கு பெரிய அசைவு. கிரகணத்தாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் வராது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கு. பெரியவர்களிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். கருந்துளை, ஈர்ப்பு அலை என்றுதான் எப்போதும் பேச்சு. இதையெல்லாம் படிக்க வெளிநாடுதான் போக வேண்டுமா? இதில் வேலை இருக்கிறதா? — ஒரு தாய், நாமக்கல்

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்று இல்லை. கருந்துளை மோதலின் அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தவர்களில் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் பாலா ஐயர் முக்கியமானவர். அந்தக் கணக்கு இல்லாமல் இரைச்சலிலிருந்து அலையைப் பிரித்திருக்கவே முடியாது. புனேயில் சஞ்சீவ் துரந்தரின் குழு, பதிவுகளில் அலையைத் தேடும் முறைகளை 1980-களிலிருந்தே வளர்த்தது. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் கே.ஜி. அருணின் வேலையே அலையை வைத்து ஐன்ஸ்டைன் கோட்பாட்டைச் சோதிப்பதுதான். ஐன்ஸ்டைன் கணக்கு அலையின் உருவத்தைப் பல எண்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் தனியாகத் தட்டிப் பார்த்து, எது பிசகுகிறது என்று தேடும் வழியை வகுத்தவர்களில் அவர் ஒருவர். பெங்களூரில் அஜித் பரமேஸ்வரனின் குழு, அலையின் முதல் பாதியை வைத்து மோதலுக்குப் பின் என்ன கருந்துளை பிறக்கும் என்று கணித்து, பின்பாதியும் அதையே சொல்கிறதா என்று ஒப்பிடும் சோதனையில் பெரும் பங்கு எடுத்தது.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுந்தா நாக்நாத் பக்கம் நமக்கென்று ஒரு லைகோ வருகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு இயற்பியல் படித்தவர்கள் மட்டும் போதாது. லேசர், வெற்றிடக் குழாய், மின்னணுவியல், கட்டுமானம், கணினி என்று எல்லாருக்கும் அதில் வேலை உண்டு. உங்கள் மகள் முதுகலை முடித்து வரும் நேரத்தில் அங்கே ஆள் தேவைப்படும் என்று நம்பிச் சொல்கிறேன். சம்பளம் சீக்கிரம் வராது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்து வருடம் ஆகும். முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு மாத உதவித்தொகை கிடைக்கும். முதுகலைக்கு ஜாம் தேர்வு, ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட் தேர்வு என்ற இரண்டு பெயரை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு வரட்டும், அதற்கு முன்னால் அவள் ஒன்று செய்யலாம். லைகோ தன் பதிவுகளை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் அலை விழுந்த நேரத்தின் 32 நொடிப் பதிவை இறக்கிக்கொண்டு, பைத்தான் மொழியில் சில வரி எழுதி வரைபடம் போட்டுப் பார்க்கலாம். போன கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்து இதைச் செய்தேன். முதலில் வரைந்தபோது திரையில் வெறும் பெரிய மேடு பள்ளம்தான். தரை மெதுவாக ஆடுகிற ஆட்டம் அது. "ஒண்ணுமே இல்லையே, பாட்டி" என்று முகம் சுருங்கிப் போனான். உங்கள் மகளுக்கும் முதலில் அப்படித்தான் வரும், விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 350 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் இருப்பதை வடிகட்டி எடுத்துவிட்டு, மறுபடி வரைந்து, அந்த 0.2 நொடியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.